டிசம்பர் மாதத்துச் சொல்

பல்லிடுக்கில் இரண்டு பிளாஸ்டிக் எழுத்துகளைக் கவ்விக்கொண்டு மடக்கு ஏணியின் மூன்றாம் படியில் நிற்கிறார் ஐடா ப்ரௌட்டி. நவம்பர் மாதத்தின் கடைசி சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. கோல்டுபுரூக் ஊரின் யூனிட்டேரியன் தேவாலயச் சபையின் வாசல் பலகையில் பழைய சொல்லைக் கழற்றிப் புதிய சொல்லை மாட்டுவது பதினாறு வருடமாக அவர் வேலை. வயது எழுபத்தொன்று. ஏணியைப் பிடிக்க யாராவது வந்தால், "கைய எடு. நீ புடிச்சாத்தான் ஆடுது" என்பார். கழற்றிய எழுத்துகளை ஸ்வெட்டர் நுனியால் துடைத்துத்தான் டப்பாவில் போடுவார்.

அந்தச் சபையில் மாதத்துக்கு ஒரு சொல். பிரசங்கம், பாட்டு, புதன்கிழமைப் பேச்சு எல்லாம் அதைச் சுற்றித்தான். சொற்களை மே மாதத்தில் சபையே தேர்ந்தெடுக்கும். சுவரில் தாள்களை ஒட்டி, ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டுகள் கொடுப்பார்கள். பிடித்த சொல்லின் கீழே ஒட்டலாம். கடவுள் உண்டா இல்லையா என்பதில் தலைக்கொரு கருத்து வைத்திருக்கும் கூட்டம், பொட்டுக் கணக்கை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இந்த வருடம்தான் பலகையில் மாட்டிய சொற்கள் பலிப்பதாக ஐடாவுக்குத் தோன்றத் தொடங்கியது. செப்டம்பருக்கு 'வரவேற்பு'. நான்கு ஞாயிறும் சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார், பெயர் கேட்டால் சிரித்தார். பிறகு அவரைக் காணோம். அக்டோபருக்கு 'வேர்'. இலை அசையாத ஒரு காலையில் பின்பக்கத்து மேப்பிள் மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நவம்பருக்கு 'மௌனம்'. முதல் ஞாயிறே பாட்டின் நடுவில் ஆர்கன் நின்றது. பழுது பார்க்க வந்தவர் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோளாறும் இல்லீங்க" என்று போய்விட்டார்.

டிசம்பருக்கு ஜெயித்த சொல் 'விட்டுவிடுதல்'.

ஐடாவின் கணவர் வெண்டலுக்கு இதயம் ஓய்ந்துவருகிறது என்று அக்டோபரில்தான் தெரிந்தது. மே மாத வாக்கெடுப்பன்று அவர் வெறும் சளியோடு படுத்திருந்தார். "என் பொட்டையும் நீயே எங்கயாவது ஒட்டிடு" என்றார். அவருடைய கார் ஷெட்டில் துருப்பிடித்த புல்வெட்டும் இயந்திரம் மட்டும் நான்கு. எதையும் தூக்கிப்போட விடமாட்டார். அந்தக் கடுப்பில் அவருடைய மூன்று பொட்டுகளையும் ஐடா 'விட்டுவிடுதல்' கீழே ஒட்டினார். அந்தச் சொல் ஜெயித்தது இரண்டே பொட்டு வித்தியாசத்தில்.

போன வாரம் போதகர் பிரிசில்லாவிடம் போய், சொல்லை மாற்றலாமா என்று கேட்டார்.

"ஐடா, நாம கடவுளையே ஓட்டுக்கு விடுற ஆளுங்க. ஒரு பலகைக்கா பயப்படுறீங்க?"

"கடவுளுக்கு நான் பொட்டு ஒட்டலயே!"

இன்று காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த வெண்டலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"அடிப்பாவி! புல்வெட்டுற மெஷினுக்காகவா என்னைத் தீர்த்துக்கட்டின? போய் மாட்டு. நானும் கார்ல வரேன், கோணலா இருந்தா சொல்றேன்."

அப்படித்தான் இப்போது பலகைக்கு எதிரே காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் வெண்டல். ஐடா 'மௌனத்'தின் கடைசி எழுத்தைக் கழற்றினார். பூட்டிக் கிடந்த ஆலயத்துக்குள்ளிருந்து ஆர்கன் ஒரே ஒரு சுரத்தை எழுப்பி நின்றது. பனி விழும் சத்தம்கூடக் கேட்கிற அமைதி அதன்பிறகு.

"கேட்டியா?" என்றார் ஐடா. ஏணி முதல்முறையாக ஆடியது.

"கேட்டுச்சு. சரியாயிடுச்சு போல."

"வேணாம் வெண்டல். எனக்குப் பயமா இருக்கு."

"ஜெயிச்ச சொல்லு. மாட்டு, குளுருது."

மாட்டினார். "இடது பக்கம் கொஞ்சம் தூக்கு" என்று கார் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார் வெண்டல். தூக்கினார். பலகையின் கண்ணாடிக் கதவைப் பூட்டினார்.

காரில் ஏறியதும் வெண்டலின் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, இரண்டு தடவை சுண்டிப் பார்த்தார். பிறகு இடது கையால் மட்டும் காரை ஓட்டினார். வலது கை வீடு சேரும்வரை அந்த பெல்ட்டின் கொக்கி மேலேயே இருந்தது.