மூலைக்கு ஓடிய புள்ளி

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை.

ஒருநாள் பாலிடெக்னிக் மாணவி தேன்மொழி ஒரு கம்ப்யூட்டர் போர்டோடு வந்தாள். மறுநாள் விழுப்புரத்தில் கண்காட்சி. ஜாய்ஸ்டிக் என்கிற குச்சியைச் சாய்த்தால், போர்டோடு இணைத்த டிவியில் ஒரு புள்ளி அந்தப் பக்கம் ஓட வேண்டும். அந்தக் குச்சிதான் அவளிடம் இல்லை.

"இன்னா பெரிய வித்தை? ரெண்டு வால்யூம் கன்ட்ரோல் போதும், தங்கச்சி!"

இரண்டையும் குறுக்காகப் பொருத்தி, சைக்கிள் கம்பியைக் குச்சியாக்கி, ஒயர்களைப் போர்டில் பற்றவைத்து, கடை டிவியோடு இணைத்தேன். குச்சி நேராக நின்றது. நடுவில் நிற்கவேண்டிய புள்ளியோ மூலைக்கு ஓடியது.

"உன் போர்டு மூலையில உக்காந்துகினு அழுவுது பாரு!" என்று சிரித்தேன்.

அவள் கண் கலங்கியது. ஆனாலும் கேட்டாள்: "அண்ணா, வால்யூமைப் பாதி திருப்பினா கரண்டும் பாதி வருமா?"

"எப்டி வரும்? காதுக்கு ஏத்த மாதிரி மொதல்ல கொஞ்சமா ஏறும், கடைசில குபீர்னு..." பாதியில் வாயை மூடினேன். குச்சி நடுவில் நின்றும் கரண்ட் பாதி வராததால்தான் புள்ளி மூலைக்கு ஓடியிருக்கிறது. தப்பு போர்டில் இல்லை, நான் போட்ட கன்ட்ரோலில்.

சீராக ஏறுவது டிவியின் வெளிச்சக் கன்ட்ரோல்தான். கடையில் கிடந்த பழைய டிவி இரண்டைப் பிரித்து, அவற்றைக் கழற்றி மாற்றினேன். புள்ளி நட்டநடுவில் வந்து நின்றது!

"ஜல்தி நவுருடா, நானும் ஓட்றேன்!" என்று முதலாளியே குச்சியைப் பிடுங்கினார்.

மறுநாள் கண்காட்சிக்கு நானும் கூடப் போனேன். அவள் மேஜை முன்னால்தான் பெரிய வரிசை. "யாரும்மா செஞ்சது?" என்று ஒரு வாத்தியார் கேட்டார்.

"போர்டு நான், குச்சி எங்க அண்ணன்," என்று என்னைக் காட்டினாள். கேலியை விட்டுவிட்டு, குச்சியை வாத்தியார் கையில் கொடுத்து, "ஓட்டிப் பாருங்க சார்" என்றேன்.