ஆறு மாடி ஏறும் லிஃப்ட்டுக்காரர்

நான்காவது மாடித் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முழங்காலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஏறத் தொடங்குகிறார் தொழில்துறை அமைச்சர். வயது அறுபத்து நான்கு. அலுவலகம் ஆறாவது மாடியில். கோப்புகளைச் சுமந்து வந்த உதவியாளர், "டாக்டர் சொன்ன உடற்பயிற்சிங்க" என்று என் காதில் சொன்னார். அவருக்கே நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பேட்டி எடுக்கப் போன எனக்குக் குறிப்பேட்டை எடுக்கக்கூடத் தெம்பில்லை.

இத்தனைக்கும் இவர் லிஃப்ட் செய்தே பெரிய மனிதரானவர். தகரக் கொட்டகையில் இரண்டு மெக்கானிக்குகளோடு தொடங்கி, முப்பது வருஷத்தில் ஊரின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு லிஃப்ட் மாட்டினார். இந்தக் கட்டடத்தில் ஓடுவதும் அவர் கம்பெனிச் சரக்குதான். ஊர் இன்னும் அவரை "லிஃப்ட்டுக்காரர்" என்றே சொல்கிறது. தேர்தல் மேடையிலும் அதை வைத்தே ஓட்டுக் கேட்டார்: "உங்க பிள்ளைகுட்டிகளைப் பத்திரமா ஏத்தி எறக்கினவன் நான்!" ஜெயித்துவிட்டார்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது லிஃப்ட்டில் முதல் சவாரி முதலாளிக்கும் முதலாளியம்மாவுக்கும்தான். "நான் ஏறாத பெட்டியில ஊரான் வீட்டுப் பிள்ளை ஏறக் கூடாது" என்பார். பிறகு வருஷா வருஷம் போய், வெள்ளைக் கைக்குட்டையால் இரும்புக் கயிற்றைத் துடைத்துப் பார்ப்பார். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணியில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கைக்குட்டை இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. இப்போது நாற்காலிக் கையைத் துடைக்கிறார், மேசை விளிம்பைத் துடைக்கிறார். பழக்கம் யாரை விட்டது!

இன்னொரு பழக்கம் புதிது. தொலைபேசியை எடுத்தால் ஹலோ கிடையாது. "எந்தக் கட்டடம்?" என்றுதான் கேட்கிறார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் முகம் வெளுத்தது.

காரணத்தை அவரே சொன்னார், உதவியாளரை அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு. இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். லிஃப்ட்டைச் சோதிக்க இனி அரசு ஆய்வாளர் வர வேண்டாம். மாட்டிய கம்பெனியே பார்த்துச் சான்றிதழ் ஒட்டினால் போதும். பழைய தொழில் சகாக்கள் பூங்கொத்தோடு வந்து வாழ்த்தினார்கள்.

"நான் கம்பெனியில இருந்தப்ப ஒரு பள்ளிக்கூடத்து லிஃப்ட்டுங்க. நானே துடைச்சேன், துணி சிக்கல. சரின்னு எழுதிட்டேன். மறுவாரம் ஆய்வாளர் வந்தாரு. சரியான சிடுமூஞ்சி. மேல ஏறி ஒரே ஒரு சாண் கயித்தைக் காட்டினாரு. உள்ளுக்குள்ள இத்துப்போயிருந்துச்சு. பத்து நாள் தாங்காதுன்னாரு." கைக்குட்டையை விரலில் இறுக்கிக்கொண்டார். "அந்தச் சிடுமூஞ்சியத்தான் நான் வேணாம்னுட்டேன்."

"உத்தரவை வாபஸ் வாங்கிடுங்களேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லி வாங்குறது? நான் மாட்டினதை நானே நம்பலன்னா? கம்பெனி இப்ப மாப்பிள்ளை கையில. அவர் பொழப்புல மண்ணு விழுந்துடும். பயமா இருக்குங்க. வாங்கினாலும் பயம், வாங்காட்டியும் பயம்."

என் வீடு ஒன்பதாவது மாடியில்.

அப்போதுதான் மகள் வந்தார். ஏழு மாத வயிறு. அப்பாவோடு டாக்டரிடம் போக வேண்டுமாம்.

"எப்படிம்மா மேல வந்த?"

"பறந்து வந்தேன்! லிஃப்ட்லதான்ப்பா."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும் நேரே படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். மகள் லிஃப்ட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

"படியில போலாம்மா."

"நல்லா இருக்கே! இந்த வயித்தோட ஆறு மாடி எறங்கணுமா?" உள்ளே கண்ணாடிச் சட்டத்திலிருந்த சான்றிதழை விரலால் தட்டினார். "பாருங்க, போன மாசம்தான் உங்க மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்காரு."

"நேர்ல வந்து பாத்தாரா?"

"அவருக்கு ஏதுப்பா நேரம்? சாப்பாட்டு மேசையில உக்காந்தே கட்டுக் கட்டாப் போட்டுத் தள்ளுவாரு."

கதவு நகர்ந்தது. அமைச்சர் வலது காலைக் குறுக்கே வைத்தார். கதவு செருப்பில் மோதித் திரும்பியது.

"காலை எடுங்கப்பா, நேரமாச்சு."

கதவு மறுபடி வந்து மோதியது. மூன்றாம் முறையும் மோதியது. அவர் காலை எடுக்கவில்லை.