ஒரே சீட்டு, இரண்டு போன்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை என்று தெரிந்தும், கேரளச் சீட்டை வாட்ஸ்அப்பில் விற்கும் ஒருவரிடம் வாரம் ஒன்று வாங்கி வந்தேன். பணம் அனுப்பினால் சீட்டைப் படம் எடுத்து அனுப்புவார். அசல் அவரிடமே இருக்கும். கணவர் திட்டும்போதெல்லாம், "அந்த லாட்டரிப் பணத்துல கேரளா கவர்மெண்ட்டு ஏழைங்களுக்கு வைத்தியம் பாக்குறாங்க, தெரியுமா?" என்று அவர் வாயை அடைப்பேன்.

குலுக்கல் நாளில் மூன்று மணி நெருங்கினாலே எனக்கு வேலை ஓடாது. அன்றும் மேசைக்கடியில் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். கடைசி நான்கு எண்களும் பொருந்தின. ஐயாயிரம் ரூபாய்! பக்கத்து கவுண்டர் செல்வியிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னாக்கா, இது என் சீட்டாச்சே!" என்று தன் போனை நீட்டினாள். அதே எண், அதே படம், மூலையில் அதே மடிப்பு.

இருவரும் மாறி மாறி அழைத்தோம். அந்த ஆள் எடுக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் எங்கள் இருவரையும் பிளாக் செய்துவிட்டான்.

"போலீசுக்குப் போலாமா?" என்றேன்.

"போய் இன்னான்னு சொல்லுவக்கா? தடை பண்ண சீட்ட வாங்கினோம்னா?" என்றாள்.

இப்போது சீட்டுக்குக் கொடுத்து வந்த பணத்தை வாராவாரம் ஓர் இலவச மருத்துவமனை உண்டியலில் போடுகிறேன்.

"இப்பதான் நெஜமாவே ஏழைங்களுக்குப் போகுது. அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்று கேட்கிறார் கணவர்.

மூன்று மணியானால் கை இன்னும் போனைத் தேடுகிறது.