சிவப்பு வெளிச்சம் அணைந்திருந்த நாற்பது நிமிடங்கள்

நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மறைத்தாலும் மனைவி விடமாட்டாள். குடியுரிமை கிடைத்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும், அரசாங்க முத்திரையோடு கடிதம் வந்தால் அதைப் பிரிப்பவள் அவள்தான். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொள்வேன். இப்படிப்பட்ட ஆள், மற்றவர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்யும் வேலைக்குப் போனதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மொன்றியலின் பழைய ஜாஸ் கலைஞர்களைத் தேடிப்போய், அவர்களுடைய நினைவுகளைப் பதிந்து வைக்கும் சிறிய ஆவணக் காப்பகம் அது. வாரத்தில் மூன்று நாள் வேலை. கேள்விகள் எழுதிய தாள், உள்ளங்கை அளவில் ஒரு பதிவுக்கருவி, காதில் மாட்ட ஹெட்போன். இவ்வளவுதான் என் ஆயுதங்கள். பதிவாகும்போது கருவியில் சிறிய சிவப்பு வெளிச்சம் எரியும். அந்த வெளிச்சத்தை நான் முதன்முதலில் பார்த்தது இந்த வேலையில் அல்ல.

என் அகதி விசாரணையில், எனக்கு முன்னாலிருந்த மேசையில் அப்படி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஊரில் இராணுவம் என்னைப் பிடித்துக்கொண்டு போனது ஓகஸ்ட் மாதம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். வாய் செப்டெம்பர் என்றது. விசாரித்தவர் நிமிர்ந்து பார்த்து, திரும்பச் சொல்லச் சொன்னார். முதுகு முழுக்க நனைந்துவிட்டது. அன்று பின்னேரம், என் அறையில் கூட இருந்த, கேஸ் முடிந்த அண்ணை ஒருவர் தலையிலடித்துக்கொண்டார்.

"சொன்னது சொன்னதுதான், தம்பி. பெட்டிக்குள்ளை போனதைத் திருப்பி எடுக்கேலாது."

முடிவு வர நான்கு மாதம் ஆனது. என்னை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த நான்கு மாதப் பயம் உடம்பை விட்டுப் போகவேயில்லை.

நான் சொல்ல வந்தது போன மாரிக் குளிரில் சந்தித்த ஒரு கிழவரைப் பற்றி. தொண்ணூறைத் தாண்டியவர். டபுள் பாஸ் வாசித்தவர். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த வாத்தியத்தை வயலினுக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். கண்ணில் புரை முற்றி, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். பேசியது ஆங்கிலம். எனக்குள் அது எப்படியோ எங்களுடைய தமிழாகத்தான் கேட்கும்.

முதல் நாள், ரயிலில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்த தகப்பனைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் நாள், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய இசைத்தட்டைப் பற்றிக் கேட்டேன். அது அவருடைய மகள் மாட்டிவைத்தது. அட்டையில், பாஸ் வாசித்தவர் என்று அவருடைய பெரியம்மாவின் மகனின் பெயர் இருந்தது. இளம் வயதில் செத்துப்போன அந்த அண்ணனை வீட்டில் எல்லோரும் பெரிய கலைஞன் என்று கொண்டாடுவார்களாம்.

"அது அவனில்லை. நான். அவன்ரை கடதாசியைக் காட்டித்தான் நான் எல்லை கடந்தனான்," என்றார்.

என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. சிவப்பு அணைந்தது.

நான் யோசித்துச் செய்யவில்லை. எல்லை, இன்னொருத்தன் கடதாசி, இன்னொருத்தன் பெயர். இந்த மூன்றும் ஒரே பேச்சில் வந்தால் எங்களில் யாரும் முதலில் கதவைத்தான் பார்ப்போம். எழுபது வருடக் கதைக்காகத் தொண்ணூறு வயது மனிதரை யார் வந்து பிடிக்கப் போகிறார்கள் என்று தலைக்குத் தெரிந்திருக்கும். கை தலையைக் கேட்கவில்லை. அவரைக் காப்பாற்றுவதாக அது நினைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு செய்ததற்குத்தான் சாட்டுச் சொல்ல வழியில்லை. ஹெட்போனைக் கழற்றாமல், நாற்பது நிமிடம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் அமெரிக்கப் பக்கத்தில் பிறந்தவன். இங்கே வந்து நெஞ்சு வருத்தத்தில் செத்தான். செத்தவீடு நடந்துகொண்டிருந்தபோது, அவனுடைய மெத்தைக்கடியில் இருந்த பிறப்புப் பத்திரத்தை இவர் எடுத்துவிட்டார். பெரியம்மா அதைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினார். இவரும் கூடச் சேர்ந்து தேடினார். பிறகு அதை எல்லையில் காட்டி, அமெரிக்காவில் பிறந்தவனாக உள்ளே போய், அந்தப் பெயரில் இரண்டு மாரி அங்கே வாசித்தார். இசைத்தட்டு வந்தது அப்போதுதான். அவருடைய வாசிப்பு பதிவாகியிருப்பது அந்த ஒன்றில் மட்டும்தான்.

"அப்பாடா, பெட்டிக்குள்ளை போயிட்டுது," என்று முகத்தைத் துடைத்தார். "இனி நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப, நிப்பாட்டினதை அவருக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"நல்ல ஆளப்பா நீங்கள்!"

இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். சனிக்கிழமை மகள் வருகிறாள், அந்தப் பகுதியைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டுக் காட்டு என்றார். "என்னாலை அவளுக்கு நேரை இருந்து சொல்லேலாது. பெட்டி சொல்லட்டும்."

நான் "ஓம்" என்றேன். வேறென்ன சொல்லியிருப்பேன்!

சனிக்கிழமை வரை சாட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். கருவி பழுதாகிவிட்டது, பதிவு தானாகவே அழிந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். "இன்னொரு அகதிக் கேஸ் எழுதுறீங்களோ?" என்று மனைவி கேட்டாள். அதோடு அதையும் விட்டேன்.

சனிக்கிழமை அவர் டை கட்டி உட்கார்ந்திருந்தார். மகள் அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா கேட்டார் என்று இசைத்தட்டைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்திருந்தார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

"போடு," என்றார் கிழவர்.

"பதிவாகேல்லை. நான்தான் நிப்பாட்டினனான்," என்றேன்.

அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. ஏன் என்று கேட்டார். ஓகஸ்டையும் செப்டெம்பரையும், அந்தச் சிவப்பு வெளிச்சத்தையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"என்னாலை ரெண்டாந்தரம் ஏலாது," என்றார்.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்ப நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே கேட்டனீங்கள்," என்று என்னிடம் சொல்லி, மேசையிலிருந்த கருவியை என் பக்கம் திருப்பிவைத்து, தானே பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு எரிந்தது. எனக்கு நேரே.

நான் கிழவரைப் பார்த்தேன். "சொல்லு," என்று நாடியை உயர்த்தினார்.

முதலில் என் பெயரைச் சொன்னேன். அண்ணனின் நெஞ்சு வருத்தத்தையும், மெத்தைக்கடியில் இருந்த பத்திரத்தையும் சொன்னேன். மகளின் விரல்கள் மடியிலிருந்த கண்ணாடிச் சட்டத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டன. "செத்தவீடு நவம்பர் மாதம்..." என்றேன்.

கிழவர் கையைத் தூக்கினார்.

முதுகு நனைந்தது. மாதம் பிழையாகிவிட்டது, இதோ திரும்பச் சொல்லச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் கை மேசையில் ஊர்ந்து பொத்தானுக்குக் கிட்டப் போய்விட்டது.

"ஒக்டோபர்," என்றார் அவர். பிறகு, "நிப்பாட்டாதை."

மகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பனி இன்னும் விழேல்லை. பெரியம்மா மெத்தையைப் புரட்டினவ. மற்றப் பக்கத்தை நான்தான் பிடிச்சுக் குடுத்தனான். கடதாசி என்ரை சட்டைப் பைக்குள்ளை..."

நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.