மையம் தெற்கே இருந்தது

பிள்ளையாரை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். கோயில் மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது முதலில் மறுத்தேன். எழுதினால் என் பிழையையும் சொல்ல வேண்டும். மனைவி ஜெயாதான், "பிழையை விட்டிட்டு எழுதிறதெண்டால் எழுதவே வேண்டாம்" என்றாள்.

சென்ற ஆண்டு புரட்டாதி மாதம். எங்கள் ஒரே மகள் அபி கரீபியன் தீவொன்றில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். தென்கரையில், கடலுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட வாடகை வீடு. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கமாகப் புயல் வந்தது. தீவுக்கு வடக்கே விலகிப் போகும், மழையும் காற்றும் இருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். ஆனாலும் கல்லூரிக்காரர் மலைமேல் இருந்த கொங்கிறீற் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள்.

காலையில் அபி ஃபோன் எடுத்தாள். "அப்பா, கொஞ்சப் பேர் ஹோலுக்குப் போகினம். நானும் போகட்டோ?"

"ஆரார் அங்க படுக்கினம்?"

"எல்லாரும்தான். ஃப்ளோரில."

எல்லாரும் என்றால் ஆண்பிள்ளைகளும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. கொஞ்சம் பொறு என்று ஃபோனை வைத்துவிட்டு, இங்கே ரூஜில் உள்ள எங்கள் வீட்டுச் சாமியறையில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வீட்டிலேயே இருக்கட்டும், சிவப்பு வந்தால் மண்டபத்துக்குப் போகட்டும். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். வெள்ளை வந்தது. வெள்ளைதான் வரவேண்டும் என்று மன்றாடிக்கொண்டுதான் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப ஃபோன் எடுத்து, "பிள்ளையார் வீட்டில இருக்கச் சொல்லிப்போட்டார்" என்றேன். அவளும் சரி என்றாள்.

நான் ட்ரக் ஓட்டுகிறவன். புறப்படுமுன் வானிலை பார்ப்பது பழக்கம். அன்று லீவு போட்டுவிட்டுக் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். மேலிருந்து எடுத்த படத்தில் வெள்ளை மேகக் குவியல் மட்டும்தான் தெரிந்தது. அயல் தீவில் உள்ள ராடருக்குத் தூரம் கூட. மையம் எங்கே என்று அதற்கும் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் ஒரு விமானத்தைப் புயலுக்குள்ளேயே அனுப்பியிருந்தார்கள். காற்று எங்கே அடங்கி மறுபக்கம் திரும்புகிறதோ, காற்றழுத்தம் எங்கே ஆகக் குறைகிறதோ, அதுதான் மையம். மத்தியானம் அறிக்கை வந்தது. எதிர்பார்த்த இடத்தை விமானம் குறுக்கே கடந்திருக்கிறது. அங்கே மையம் இல்லை. தேடிப் போய், நன்றாகத் தெற்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். வரைபடத்தில் கோடு மாறியது. இப்போது அது அபி இருந்த கரைக்கு மேலால் போனது. இருட்டுவதற்குள் புயல் வந்துவிடும்.

ஆனால் ஃபோனை எடுக்கவில்லை. நம்புவீர்களோ தெரியாது. ஒருமுறை பூக்கட்டிக் கேட்ட காரியத்தில் மறுபேச்சு இருக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அவர் சொன்னதை மீறினால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயம். மீறாவிட்டால் புயல். சாமியறையில் விழுந்து அழுதேன். "அப்பனே, எனக்கு ஒரு வழி சொல்லு" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

வேலையால் வந்த ஜெயா, சப்பாத்தும் கழற்றாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்கள் பிள்ளையாரிட்டப் புயலைப் பற்றிக் கேக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளை ஹோலில படுக்கலாமோ எண்டுதான் கேட்டனீங்கள். அதுக்கு அவர் மறுமொழி சொல்லிப்போட்டார். இது வேற கேள்வி. ஃபோனை எடுங்கோ."

மூன்று தரம் எடுத்தேன், போகவில்லை. ஒரேயொரு தரம் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி எடுத்தேன். மணி அடித்தது.

"அபி, மையம் உன்ர பக்கம் வருது. ஹோலுக்குப் போ."

"நீங்கள்தானே இருக்கச் சொன்னீங்கள்?"

"அப்பா பிழையாச் சொல்லிப்போட்டன். உடன வெளிக்கிடம்மா."

"ஓகே. ஷூ போடுறன்."

அதற்குப் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. இரண்டு நாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் யாருடையதோ ஃபோனில் இருந்து எடுத்தாள். "அப்பா, ஐ ஆம் ஓகே. வீட்டுக் கூரை என்ர கட்டிலுக்கு மேல கிடக்குது." நானும் ஜெயாவும் அப்படியே நிலத்தில் இருந்து அழுதோம்.

இப்போதும் கும்பிடுகிறேன், முன்பைவிடக் கூட. பூக்கட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். எனக்குப் பிடித்த மறுமொழியை அவர் வாயில் வைக்கப் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனையே அவர் கைவிடவில்லை. உங்களுக்கும் ஒரு இக்கட்டு வந்தால் அவரிடம் போங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். மறுமொழி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டும் இருங்கள்.

அபி ஃபோன் எடுத்ததற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் அபிக்கு அர்ச்சனை முடிந்தபின் இன்னொரு தட்டைக் கொடுத்தேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"தெரியாது ஐயா. புயலுக்குள்ள பிளேன் கொண்டுபோன ஆக்கள்."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சுவாமியின்ர பேருக்கே செய்வம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோனார்.