ஆறாம் கட்டத்தில் எழுதிய வலிப்பு

சாராயக் கடைகளை அரசாங்கம் மறுபடி மூடிய வாரத்தில் எங்கள் மருத்துவமனையில் வலிப்பு நோயாளிகள் திடீரென்று பெருகினார்கள். பதிவேட்டை மட்டும் பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் நானும் எழுதினேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருபது படுக்கைகள் கொண்ட ஓர் அரசு மருத்துவமனை. அதில் நான் மருந்தாளுநர், ஊர் வாயில் கம்பவுண்டர். பொன்னேரியிலிருந்து காலை பாசஞ்சரில் வந்து மருந்து ஜன்னலைத் திறந்தால் மாலை வரை மாத்திரை, களிம்பு, கலவை மருந்து. இவற்றைக் கொடுப்பது எளிது. கொடுத்ததை எழுதுவதுதான் வேலை. அந்த எழுத்தில் நான் கெட்டிக்காரன். என் பதிவேடுகளில் தணிக்கைக்காரர்கள் தப்பு கண்டுபிடிக்க முடியாமல் முகம் வாடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு சுகம்.

கடைகள் திறந்திருந்தது மூன்று வருஷம்தான். அதற்குள் ஆலைக் கூலிகள், மண் சுமப்பவர்கள், ஏரியில் வலை வீசுபவர்கள் என்று பலரும் சட்டப்படி குடிக்கப் பழகிவிட்டார்கள். ஒரே நாளில் சட்டப்படி நிறுத்தவும் வேண்டியிருந்தது. உடம்பு அரசாணை படிப்பதில்லை. கடை மூடிய இரண்டாம் நாள் கை நடுங்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் வியர்த்துக் கொட்டி, இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு வராந்தாவிலேயே வெட்டி இழுத்தது. வசதியுள்ளவர்களுக்கு டாக்டர் சான்றிதழும் குடிக்கப் பர்மிட்டும் உண்டு. அதே நோய் வசதியில்லாதவனுக்கு வந்தால் வராந்தா.

எங்கள் டாக்டர் திருநெல்வேலிக்காரர். நோயாளியிடம் பேசுவதில் பாதிகூட எங்களிடம் பேச மாட்டார். அன்று என் ஜன்னலுக்கு வந்து, "பினோபார்பிட்டோன் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். வலிப்பு நோயாளிகளுக்காக வைத்திருந்த மாத்திரை அது. "இருக்கு. இவங்களுக்கு வலிப்பு நோய் இல்லையே டாக்டர்" என்றேன்.

"சாராயம் மூளையை அமுக்கி வச்சிருந்துது. திடீர்னு கையை எடுத்தா துள்ளும். இந்த மாத்திரையும் அமுக்கும். ஆனா இதை நாம அளந்து குறைக்கலாம். சென்னையில பெரியவங்க செய்றதைப் பாத்திருக்கேன்."

அவர் சொன்னது அவ்வளவுதான். செய்முறை எங்கள் இருவருடையது. ஒருவர் கையிலும் மாத்திரையைக் கொடுத்தனுப்பக் கூடாது. தினமும் காலை என் ஜன்னலுக்கு வர வேண்டும். முதலில் என் மூக்கருகே ஊதிக் காட்ட வேண்டும். கள்ளச்சாராயத்தின் மேல் இந்த மாத்திரை விழுந்தால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வாடை அடித்தால் மாத்திரை கிடையாது, வராந்தாவில் உட்கார வேண்டியதுதான். வாடை இல்லையென்றால் இரு கைகளையும் நீட்ட வேண்டும். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைப்பேன். தாள் படபடக்கிற அளவைப் பார்த்து டாக்டர் மாத்திரையைச் சொல்வார். என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நாளுக்கு நாள் அளவு குறையும். பத்துப் பன்னிரண்டு நாளில் தாள் அசையாமல் படுத்துவிடும், மாத்திரையும் நின்றுவிடும். சிலர் மறுபடி குடிக்கப் போனார்கள். பலர் போகவில்லை. அரசு கொடுத்த கருவிகளின் பட்டியலில் என் மூக்கு இல்லை. அந்த வாரங்களில் அதைவிட நம்பகமான கருவி எங்களிடம் இருக்கவுமில்லை.

சிக்கல் மருந்து வழங்கும் பதிவேட்டின் ஆறாம் கட்டத்தில் இருந்தது. அது நோயின் பெயருக்கான கட்டம். பினோபார்பிட்டோன் எந்தெந்த நோய்க்கு என்று ஒரு பட்டியல் உண்டு. குடி அதில் இல்லை. இல்லாத நோய்க்குக் கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அழகான கையெழுத்தில் 'வலிப்பு' என்று எழுதினேன். வலிப்பு என்று எழுதினால் நோயாளிக்கு மஞ்சள் அட்டை கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அதையும் கொடுத்தேன். அட்டையில் ஒரு முத்திரை குத்த வேண்டும்: 'நெருப்பு, கிணறு, இயந்திரம் இவற்றின் அருகே செல்லக் கூடாது.' அதையும் ஒன்று விடாமல் குத்தினேன். ஒரு பொய்யை இவ்வளவு முறையாகச் சொன்னவர் மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை, வரிசையை இடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து மஞ்சள் அட்டையை ஜன்னல் பலகையில் அறைந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள், முந்தானையில் சிமெண்ட். பின்னால் அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். கடை மூடிய இரண்டாம் நாளே வந்த முதல் ஆள் அவர், ஒரு நாள்கூடத் தவறாமல் ஊதிக் காட்டியவர். பக்கத்தில் இருந்த இரும்பு ஆலையில் தினக்கூலிக்குப் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் எழுதிக்கீற இதுல?" என்றாள் அவள்.

"என்னம்மா ஆச்சு?"

"எம் புருசனுக்குக் காக்கா வலிப்பாம். கம்பெனி ஆபீசரு சொல்றாரு. பதினாலு வருசமா கூடக் குடும்பம் பண்ணிக்கினு கீறேன். எனுக்குத் தெரியாத வலிப்பு உனுக்கு எப்டி சார் தெரிஞ்சுது?"

வரிசை சிரித்தது. புருஷன், "விடு மே, சார் இன்னா பண்ணுவாரு" என்றார்.

"நீ சும்மா இரு. இருந்த வாயெல்லாம் அப்பவே ஊதித் தீத்துட்ட."

விஷயம் இதுதான். ஆலையில் உலைப் பிரிவுக்கு நிரந்தர ஆட்கள் எடுத்தார்கள். இவர் பெயரும் வந்தது. இருக்கிற காகிதமெல்லாம் கொண்டு வா என்றிருக்கிறார்கள். இவர் ரேஷன் கார்டோடு மஞ்சள் அட்டையையும் வைத்துவிட்டார். நெருப்பின் அருகே போகக் கூடாது என்று முத்திரை குத்திய அட்டையோடு உலை வேலைக்கு வந்த ஆளை அதிகாரி எப்படிப் பார்த்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

"அதை ஏம்பா கொடுத்தே?" என்றேன்.

"குடிய வுட்டதுக்கு கவுருமெண்டு குடுத்த கார்டுதானே சார். எங்கிட்ட கீற நல்ல பேப்பரு அது ஒண்ணுதான்."

அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் சட்டைப்பையில் பெருமையாக வைத்திருக்கும் காகிதத்தை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. வாங்கிப் புரட்டினேன். என் முத்திரை கொஞ்சமும் மங்காமல் இருந்தது.

ஆலையிலிருந்து மருத்துவமனைக்கும் கடிதம் வந்திருந்தது. இந்த ஆளுக்கு வலிப்பு உண்டா இல்லையா, ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். எங்கள் எழுத்தர் உடனே வழி சொன்னார்: "பழைய கார்டு தொலைஞ்சிடுச்சுன்னு எழுதிப் புதுசு போடுங்க சார். பேஜாரே இல்லை." பேஜாரே இல்லாத வழிகளில் எல்லாம் எழுத்தருக்கு நல்ல பழக்கம். ஆனால் பதிவேட்டில் வலிப்பு அப்படியே இருக்கும். நாளை ஆலையின் டாக்டர் வந்து கேட்டால் அந்த மனுஷன் இரண்டாம் முறையும் என் எழுத்தால் பொய்யனாவார்.

டாக்டரிடம் போனேன். கடிதத்தைப் படித்துவிட்டு, "இப்போ வலிப்பு இல்லைன்னு எழுதித் தரவா?" என்றார்.

"அப்படி எழுதினா முன்னே இருந்ததுன்னு ஆகும் டாக்டர். உலைக்கு எடுக்க மாட்டாங்க."

"சரி. உள்ளதை எழுதினா?"

"பட்டியல்ல இல்லாத நோய்க்கு ஏன் அந்த மாத்திரையைக் கொடுத்தீங்கன்னு உங்களைக் கேட்பாங்க. ஏன் பொய்யா எழுதினேன்னு என்னைக் கேட்பாங்க. ஒரு பெயரைத் திருத்தினா மத்த பெயரெல்லாம் சந்தேகமாயிடும். எல்லாத்தையும் திருத்தணும்."

டாக்டர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு, "ஏன் கொடுத்தேன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியும். ஏன் எழுதினீங்கன்னு கேட்டா உங்களுக்கு?" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பே உள்ளதை எழுதி, அதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்டு நாலு வரி எழுதியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கேள்வி வரக் கூடாது என்ற ஒரே ஆசையில் எழுதாமல் விட்டேன். இதுநாள் வரை அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன். பயம் என்பதுதான் சரியான பெயர்.

அரசுப் பதிவேட்டில் திருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. சுரண்டக் கூடாது, மேலே மை பூசக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி சிவப்பு மையில் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, தேதி, சுருக்கொப்பம், அதிகாரியின் கையொப்பம். இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்து ஒவ்வொரு 'வலிப்பு' மேலும் கோடு இழுத்து, 'மது நிறுத்தியதால் நடுக்கம்' என்று எழுதினேன். வார்த்தையை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மதுவிலக்கு நாளில் குடிப்பது குற்றம். நிறுத்துவது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. டாக்டர் ஒவ்வொரு வரியிலும் கையொப்பமிட்டார். தன் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் எந்த நாள் எவ்வளவு மாத்திரை, தாள் எப்படி நின்றது என்று நகல் எடுத்துக் கொடுத்தார். தணிக்கை முடிந்த பதிவேட்டைத் திருத்தினால் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தன் மேல் தானே புகார் எழுத அரசில் படிவம் இல்லாததால் வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பினேன்.

தபாலில் போனால் கெடு தாண்டிவிடும் என்பதால் ஆலைக்குப் பதிலை நானே எடுத்துப் போனேன். அந்தப் பெண்ணின் புருஷனும் கூட வந்தார். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"குடியா? அவ்வளவுதானா? இதை முதல்லயே எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம்" என்றேன்.

"இப்போ குடிக்கலைன்னு என்ன நிச்சயம்? உலைக்குப் பக்கத்துல கை நடுங்கினா இவர் மட்டும் சாகமாட்டார்."

நியாயமான கேள்வி. "மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் நிறுத்தச் சொன்னார். அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். நான் சொல்லாமலே அந்த மனுஷன் முன்னால் வந்து இரு கைகளையும் நீட்டினார். பழைய இரும்பு கீறிய தழும்புகள் விரல் முழுக்க. தாளை வைத்தேன். அறையில் வியர்த்தது. வெளியே லாரி ஒன்று இரும்பைக் கொட்டிய சத்தத்தில் அதிகாரிதான் திடுக்கிட்டார். தாள் அசையவில்லை. 'எவ்வளவு நேரம்?' என்கிற மாதிரி கை நீட்டியவர் என்னைப் பார்த்தார். நான் தாளை எடுக்கவில்லை. அதிகாரியே போதும் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"போதும், போதும், ஃபேனைப் போடுப்பா" என்றார் அவர். பிறகு தாளைக் கையில் வாங்கி, அதில் ஏதோ எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் அந்த மனுஷன் உலைப் பிரிவில் சேர்ந்தார். மாவட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. டாக்டர் ஒரு பக்கம் எழுதினார், நான் ஒன்றரைப் பக்கம். பொய்ப் பதிவு செய்ததற்காக எனக்குக் கண்டனம். டாக்டருக்கு எச்சரிக்கை, கூடவே ஒரு வரி: இனி இவ்வகை நோயாளிகளுக்கு மருத்துவ அலுவலர் காரணத்தைப் பதிந்து அம்மாத்திரையை வழங்கலாம். அந்த ஒரு வரிக்காக நான் இன்னும் இரண்டு கண்டனம் வாங்கியிருப்பேன். ஊத்துக்கோட்டையிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும்கூடக் குடியை நிறுத்த ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். ஆறாம் கட்டத்தில் நான் உள்ளதை எழுதினேன். வலிப்பு மருந்தைக் குடிநோய்க்கும் மனநோய்க்கும் கொடுப்பது இன்று சாதாரணம் என்று கேள்விப்படுகிறேன். நாங்கள் கொடுத்தபோது அது சாதாரணம் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

கண்டன ஆணையில் நான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த அன்று அந்தப் பெண் வந்தாள். ஜன்னல் வழியாக ஒரு தூக்குப் பாத்திரத்தை உள்ளே தள்ளினாள். இறால் குழம்பு.

"நோயாளிகிட்ட வாங்கக் கூடாதும்மா, விதி."

"நான் இன்னா நோயாளியா? எம் புருசன் பேருதான் உன் பொஸ்தகத்துல கீது." அவள் பார்வை மேசையில் இருந்த தாளுக்குப் போனது. "உனுக்கு ஏதோ ஆயிடுச்சாமே சார்? எழுத்தரு சொன்னாரு."

"ஒண்ணுமில்லை. கண்டனம்னு ஒரு பேப்பர்."

"அதுக்கு இன்னா மாத்திரை?"

"அதுக்கு மாத்திரை பட்டியல்லயே இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு, தூக்கை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன்.