நேட்டண்ட் என்று எழுதிய கெமிஸ்ட்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. கம்பெனி பஸ்ஸில் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால், முதலில் சட்டைப்பையைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அதனால் ரிஜிஸ்டரில் அந்த வார்த்தையைப் பார்த்ததும், எனக்கு வைத்த வேட்டு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் பிளாண்டில் நான் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். வீடு பிள்ளைப்பாக்கம். கடைசித் தொட்டித் தண்ணீரை வெளியே விடும் முன், எண்ணெய் ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மிதந்தாலும் மிதக்காவிட்டாலும் ‘இல்லை’ என்று எழுதுவதுதான் அங்கே வழக்கம். நானும் அப்படியே எழுதிவிட்டு, மிதப்பதை மட்டும் வடித்து டிரம்மில் கொட்டிவிடுவேன்.

புதிதாக வந்த கெமிஸ்ட் மேடம் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், வாய் நிறைய ‘அண்ணே’ என்பார். அந்த மரியாதையே எனக்கு உறுத்தியது. அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில்தான் ஆங்கிலத்தில் அந்த வார்த்தை: நேட்டண்ட். பக்கங்களைப் புரட்டினேன். நான் காலை ஷிஃப்ட் பார்த்த வாரங்களில் மட்டும் இருந்தது. மற்ற இரண்டு ஆபரேட்டர்களின் வாரங்களில் இல்லை. அடுத்த மாதம் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். இது போதாதா?

அந்த இரண்டு பேரில் ஒருவன் குன்றத்தூர்க்காரன். அவனிடம் காட்டினேன். “இன்னாபா இது, மெமோ மாதிரி கீது. உன்ன தூக்கப் போறாங்கோ” என்றான்.

சூப்பர்வைசரிடம் போய் ரிஜிஸ்டரை விரித்து, இந்தம்மா என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்று கத்தினேன். தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போனில் தேடினார். முகம் மாறியது. தண்ணீர் மேல் மிதப்பதைச் சொல்லும் வார்த்தையாம், இப்போது யாரும் புழங்குவதில்லையாம். ரிஜிஸ்டரை மூடி டிராயரில் வைத்தார். போய் வேலையைப் பார், நான் கவனித்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. மிதக்கிறது என்பதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? சாப்பாட்டு நேரத்தில் மேடத்திடமே கேட்டுவிட்டேன். சிரித்தார். கல்லூரியில் தாவரவியலும் படித்தாராம், தண்ணீரில் படர்ந்து மிதக்கும் அல்லி இலையைச் சொல்ல அந்த வார்த்தை வருமாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மொதல்ல ஃப்ளோட்டிங்னுதாம்ணே எழுதுனேன். சூப்பர்வைசர் சார் அடிச்சுட்டு, இல்லைன்னு போடச் சொன்னாரு. இது அவருக்குத் தெரியாது, எங்கிட்ட கேக்கவும் கூச்சப்படுவாரு. ஆடிட்டுக்கு வாரவங்களுக்குப் புரிஞ்சாப் போதும்.”

என் ஷிஃப்டில் மட்டும் ஏன் என்றேன்.

“மத்த ரெண்டு பேரும் நான் வாரதுக்கு முன்னாடியே ஹோஸ்ல தண்ணி அடிச்சு எண்ணெயைக் கலைச்சு வெளிய விட்டுருதாங்க. நீங்க ஒருத்தர்தான் வடிச்சு எடுக்கீங்க. அதனாலதான் என் கண்ணுல படுது.”

டிபன் பாக்ஸை மூடினேன். ரிஜிஸ்டரைச் சூப்பர்வைசரிடம் காட்டிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

மறுநாள் காலை மேஜையில் புது ரிஜிஸ்டர் இருந்தது. மாதம் முழுக்க ‘இல்லை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். என் ஷிஃப்டுகளுக்கு நேராகக் கையெழுத்துப் போடச் சொன்னார் சூப்பர்வைசர். போட்டேன். மேடத்தை வாசல் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என் கான்ட்ராக்டும் புதுப்பிக்கப்படும் என்று சூப்பர்வைசரே சொன்னார்.

சாயங்காலம் மேடம் போன் செய்தார். அழுது முடித்த குரல்.

“அந்தக் குன்றத்தூர் அண்ணன்தான் சார்ட்ட போட்டுக் குடுத்திருக்கணும். உங்க மேல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லண்ணே.”

“ஆமா மேடம்,” என்றேன். “அவன் மேல எனக்கும் ரொம்ப நாளா ஒரு டவுட்டு இருந்துச்சு.”